எலும்பில் இருக்கும் சேமிப்பு

செல்லப் பிராணி என்றதும் நாய், பூனை, கிளி, மீன்தொட்டி ஆகியவையே நம் நினைவுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. இன்று மும்பை, புணே, பெங்களூரு, தில்லி போன்ற நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இகுவானா என்னும் பெரிய பச்சை ஓணானும் இடம்பிடித்து வருகிறது. அது குரைப்பதில்லை; முடி உதிர்ப்பதில்லை; அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு தருவதில்லை. கீரை தின்று அமைதியாக இருக்கும் பிராணி என்ற எண்ணத்தில் பலர் அதை வாங்கிவிடுகின்றனர்.

அந்த அமைதிதான் அதன் பராமரிப்பில் நாம் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம். உடல் நலம் குன்றினால் நாய் முனகும். பூனை ஒதுங்கிப் படுக்கும். ஊர்வன இனங்களோ நோயை வெளிக்காட்டாமல் நீண்ட காலம் தாங்கிக்கொள்ளும். நம் கண்ணுக்கு அறிகுறி தென்படும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். வீட்டில் வளரும் இகுவானாக்களை மிகுதியாகத் தாக்கும் எலும்புத் தேய்வும் செரிமானக் கோளாறும் இவ்வாறு வருபவையே. இரண்டும் தனித்தனி நோய்களாகத் தோன்றினாலும் அவற்றின் வேர் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதை எங்கள் இல்லத்திற்கு வந்த ஒரு பிராணியின் மூலம் அறிந்துகொண்டோம்.

மரகதம் வந்த கதை

புணே நகரில் எங்களுடன் பணியாற்றிய நண்பர் ஒருவருக்கு வெளிநாட்டில் வேலை அமைந்தது. அவர் மூன்று ஆண்டுகளாக வளர்த்து வந்த பெண் இகுவானாவை உடன் அழைத்துச் செல்ல இயலவில்லை. எங்கள் மகளும் மகனும் கேட்டுக்கொண்டதால், உரிய பதிவு மாற்றத்துடன் அதை ஏற்றுக்கொண்டோம். பிள்ளைகள் அதற்கு மரகதம் என்று பெயரிட்டார்கள்.

நண்பர் அதன்மீது மிகுந்த அன்பு கொண்டிருந்தார். நாள்தோறும் பாலக் கீரையும் வாழைப்பழமும் கொடுத்தார். அவ்வப்போது ஆசைக்காக நாய் பிஸ்கட்டும் உண்டு. வெயில் படட்டும் என்று கண்ணாடிச் சாளரத்தின் அருகிலேயே அதன் பெட்டியை வைத்திருந்தார். பார்ப்பவர் எவருக்கும் குறை சொல்லத் தோன்றாத ஏற்பாடு அது.

ஆனால் மூன்று வயது நிறைந்த அந்தப் பிராணியின் எடை 840 கிராம் மட்டுமே இருந்தது. உடல் மெலிந்திருக்க, தொடைகள் மட்டும் கொழுத்துத் திரண்டிருந்தன. கால் விரல்கள் சில வேளைகளில் தாமாகத் துடித்தன. எங்கள் இல்லத்திற்கு வந்து ஒன்பது நாட்கள் கடந்தும் அது எச்சமிடவில்லை. உணவையும் முகர்ந்துவிட்டு ஒதுக்கியது. ஊர்வன சிகிச்சையில் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவரைத் தேடிச் சென்றோம். அவர் முதலில் தொட்டுப் பார்த்தது வயிற்றை அல்ல, கீழ்த் தாடையை. எலும்பு இருக்க வேண்டிய இடம் விரலுக்கு ரப்பர் போல வளைந்து கொடுத்தது. ஊடுகதிர்ப் படத்தில் எலும்புகள் சுற்றியுள்ள தசையிலிருந்து பிரித்தறிய இயலாதபடி மங்கலாகத் தெரிந்தன. பின்னங்கால் ஒன்றில் பழைய முறிவு ஒன்று கோணலாகவே கூடியிருந்தது.

வளர்சிதைமாற்ற எலும்பு நோய் என்றார் மருத்துவர்.

எலும்பு என்னும் வைப்புக் கணக்கு

இந்நோயின் போக்கைப் புரிந்துகொள்ள வங்கிக் கணக்கு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். இதயம் துடிக்கவும் தசைகள் இயங்கவும் நரம்புகள் செய்தி கடத்தவும் இரத்தத்தில் குறிப்பிட்ட அளவு கால்சியம் எப்போதும் இருந்தாக வேண்டும். அது அன்றாடச் செலவுக்கான நடப்புக் கணக்கு. உடலின் பெருமளவு கால்சியம் எலும்பில் சேமிக்கப்பட்டுள்ளது. அது நிரந்தர வைப்பு.

உணவின் வழியாகப் போதிய கால்சியம் வராதபோது பாராதைராய்டு சுரப்பி விழித்துக்கொள்கிறது. அது சுரக்கும் இயக்குநீர் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து இரத்தத்தில் சேர்க்கிறது. நடப்புக் கணக்கில் இருப்பு குறையாததால் பிராணி நலமாக இருப்பதுபோலவே தோன்றும். இரத்தப் பரிசோதனையில்கூட நீண்ட காலம் கால்சியம் சரியான அளவில் காட்டக்கூடும். வைப்புத் தொகையோ மாதந்தோறும் கரைந்துகொண்டிருக்கும்.

வலுவிழந்த எலும்பைத் தாங்குவதற்காக உடல் அதைச் சுற்றி நார்த்திசுவை வளர்க்கிறது. மரகதத்தின் தொடைகள் கொழுத்துத் தெரிந்ததன் காரணம் இதுவே. மெலிந்த உடலும் திரண்ட தொடையும் ஒருங்கே காணப்பட்டால் அதைச் செழிப்பு என்று கருதி மகிழ்ந்துவிடக் கூடாது. வைப்பும் கரைந்து முடிந்த பிறகுதான் இரத்தத்தில் கால்சியம் சரிகிறது. அப்போது விரல் துடிப்பு, நடுக்கம், வலிப்பு ஆகியவை வரிசையாக வருகின்றன.

குடலில் தொடங்கும் சுழல்

எலும்பு நோய் உள்ள பிராணிக்கு மலச்சிக்கல் ஏன் வருகிறது? குடலும் தசையால் ஆனதே. அத்தசை சுருங்கி விரிந்து உணவை நகர்த்துவதற்குக் கால்சியம் தேவை. அது குறையும்போது குடலின் இயக்கம் தளர்கிறது, உணவு ஒரே இடத்தில் தேங்குகிறது, பசி குறைகிறது. பசி குறைந்தால் உள்ளே வரும் கால்சியமும் குறைகிறது. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் வளைந்துவிட்ட பிராணிகளில் மலம் வெளியேறும் வழியே குறுகிவிடுவதும் உண்டு.

இகுவானா முழுத் தாவர உண்ணி. மெக்சிகோவிலிருந்து பிரேசில், பராகுவே வரையுள்ள வெப்பமான நிலப்பகுதிகளில், நீர்நிலைகளை ஒட்டிய மரங்களின் மேல் வெயில் காய்ந்து வாழும் இனம் இது. அதன் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகளே இலைகளின் நார்ச்சத்தை நொதிக்கச் செய்து சத்தாக மாற்றித் தருகின்றன. காட்டில் புதிதாகப் பொரித்த குஞ்சுகள் பெரியவற்றின் எச்சத்தைத் தின்று இந்த நுண்ணுயிரிகளைப் பெற்றுக்கொள்கின்றன. நொதித்தல் நன்கு நடைபெற உடல் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வரை உயர வேண்டும். இகுவானா தன் உடலில் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் பிராணி அன்று. வெளியிலிருந்தே பெற வேண்டும். புணே, பெங்களூரு, தில்லி நகரங்களின் குளிர்கால அறையில், வயிறு நிறையத் தின்றும் அதைச் செரிக்க இயலாமல் அது வருந்துவதற்கு இதுவே காரணம்.

ஒளியும் வெப்பமும்

உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சுவதற்கு வைட்டமின் டி3 வேண்டும். காட்டில் இகுவானாவின் தோலின் மீது படும் சூரிய ஒளியின் புறஊதா-பி கதிர் அதை உருவாக்குகிறது. தோலில் உருவான முன்னிலைப் பொருள் டி3 ஆக மாறி முடிவதற்கும் உடல் வெப்பம் தேவைப்படுகிறது. ஒளி, வெப்பம், உணவு என்னும் மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஏனைய இரண்டும் பயன் தருவதில்லை.

சாளரக் கண்ணாடி இந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். நண்பரின் வீட்டில் மரகதம் மூன்று ஆண்டுகள் வெளிச்சத்தில் இருந்தது. ஆனால் அதற்குத் தேவையான கதிர் அதன்மீது விழவே இல்லை. கண்ணாடித் தொட்டியை அப்படியே வெயிலில் வைப்பது இன்னும் ஆபத்தானது. உள்ளே வெப்பம் சில நிமிடங்களில் ஏறி உயிருக்கே உலை வைத்துவிடும்.

மருத்துவரின் ஆலோசனைப்படி நாங்கள் செய்த ஏற்பாடு வருமாறு. ஊர்வனவற்றுக்கென விற்கப்படும் புறஊதா-பி குழல்விளக்கை, தயாரிப்பாளர் குறிப்பிட்ட தூரத்தில், இடையில் கண்ணாடியோ நெகிழித் தகடோ இல்லாதபடி பொருத்தினோம். நாளொன்றுக்கு 12 மணி நேரம் அது எரியும். கூண்டின் ஒரு மூலையில் வெப்ப விளக்கு. அதன் கீழே 35 டிகிரி. மறு மூலையில் 27 டிகிரி. வெப்பம் கூடினால் விலகிச் செல்லவும் குறைந்தால் நெருங்கி வரவும் பிராணிக்கு இடம் வேண்டும். கை வைத்துப் பார்த்து வெப்பத்தை மதிப்பிடக் கூடாது. இரு முனைகளிலும் வெப்பமானி அவசியம்.

குழல்விளக்கைப் பற்றி ஒரு குறிப்பு. கண்ணுக்குப் புலப்படும் ஒளி குறையாமல் இருக்கும்போதே அதன் புறஊதா-பி கதிர் தேய்ந்துவிடும். எனவே வகைக்கு ஏற்ப ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பொருத்திய தேதியை விளக்கின் மீதே எழுதி வைத்துள்ளோம். இவற்றோடு, காலை இளவெயிலில் கம்பிவலைக் கூண்டில், ஒரு பகுதி நிழலில் இருக்கும்படி, எங்கள் கண்காணிப்பில் சிறிது நேரம் அது வெயில் காயும். இயற்கை வெயிலுக்கு நிகரான விளக்கு இல்லை.

எல்லாக் கீரையும் ஒன்றல்ல

“கீரை என்றாலே சத்துதானே, அதில் என்ன குறை வந்துவிடும்?” என்று கேட்டார்கள் எங்கள் அன்னையார். மனிதருக்குப் பெரிதும் பொருந்தும் அக்கூற்று இகுவானாவுக்கு அப்படியே பொருந்தாது.

பாலக், முளைக்கீரை, அரைக்கீரை, பீட்ரூட் இலை ஆகியவற்றில் ஆக்சலேட் மிகுதி. அது கால்சியத்துடன் பிணைந்து அதைக் குடல் உறிஞ்சவிடாமல் செய்கிறது. வாழைப்பழத்தில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். உணவில் இவ்விரண்டும் இரண்டுக்கு ஒன்று என்னும் விகிதத்தில், கால்சியம் மிகுந்து இருக்க வேண்டும் என்பது பொது விதி. பாஸ்பரஸ் மேலோங்கினால் எலும்பின் சேமிப்புதான் கரையும். முட்டைக்கோசு வகைகளை நாள்தோறும் கொடுத்தால் தைராய்டு சுரப்பி பாதிக்கப்படலாம். லெட்யூஸ் இலையில் நீரைத் தவிரக் குறிப்பிடத்தக்க சத்து இல்லை. நாய், பூனை உணவுகளிலுள்ள விலங்குப் புரதம் நாளடைவில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோ நச்சாகக்கூடும். அதைத் தவிர்க்க வேண்டும்.

இதை விளக்கியதும் அன்னையாரே பட்டியலை ஏற்று நடத்தத் தொடங்கினார்கள். முருங்கை இலை, மல்பெரி இலை, செம்பருத்தியின் இலையும் பூவும் இப்போது மரகதத்தின் முதன்மை உணவு. புணேயில் முருங்கையை ஷேவகா என்றும் செம்பருத்தியை ஜாஸ்வந்த் என்றும் கேட்டு வாங்க வேண்டும். பூச்சிமருந்து தெளிக்காத செடி என்று உறுதி செய்துகொண்டு, நன்கு கழுவிப் பொடியாக நறுக்குகிறோம். அத்துடன் பூசணி, அவரை வகைக் காய்கள் சிறிதளவு சேர்கின்றன. பப்பாளித் துண்டு வாரம் ஒருமுறை மட்டும்.

கால்சியத் தூளை மருத்துவர் சொன்ன அளவில் உணவின் மீது தூவுகிறோம். டி3 கலந்த தூளை அளவு மீறிக் கொடுத்தால் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாய்களிலும் கால்சியம் படிந்துவிடும். குறைவு எவ்வளவு தீங்கோ அவ்வளவு தீங்கு மிகையும். மருந்துக் கடைக்காரரின் யோசனையையோ மனிதருக்கான மாத்திரையையோ நாடுவது கூடாது.

சிகிச்சையும் பொறுமையும்

முதல் வாரம் மருத்துவர் நீர்மச் சிகிச்சையும் கால்சிய மருந்தும் அளித்தார். வீட்டில் நாள்தோறும் அகன்ற தொட்டியில் முழங்கை மட்டத்திற்கு வெதுவெதுப்பான நீர் நிரப்பி, 15 நிமிடம் அதை நிற்க வைத்தோம். இகுவானா நீரில் நின்றபடி நீர் அருந்தும். பெரும்பாலும் நீரிலேயே எச்சமிடும். நான்காம் நாள் அது எச்சமிட்டபோது எங்கள் வீட்டில் நிலவிய மகிழ்ச்சியை, கைக்குழந்தைக்கு மருந்து கொடுத்துக் காத்திருந்த பெற்றோர் எளிதில் புரிந்துகொள்வர்.

கூண்டின் உயரமான கிளைகளை அகற்றிவிட்டோம். எலும்பு மென்மையாக உள்ள காலத்தில் ஒரு சிறிய வீழ்ச்சியும் முறிவை உண்டாக்கும். வாலைப் பிடித்துத் தூக்காமல், வயிறும் நான்கு கால்களும் தாங்கப்படும்படி இரு கைகளாலும் ஏந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்டனர். தரையில் மணலும் சரளையும் வேண்டாம், அவற்றை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும் என்று மருத்துவர் கூறியதால், செய்தித்தாளையே விரித்தோம். எச்சத்தை உடனுக்குடன் கவனிக்கவும் அது உதவியது.

செரிமானம் மூன்று வாரங்களில் சீரடைந்தது. எலும்புக்கு அந்த விரைவு இல்லை. மூன்றாம் மாதம் எடுத்த ஊடுகதிர்ப் படத்தில் எலும்பின் விளிம்புகள் தெளிவடையத் தொடங்கியிருந்தன. ஐந்தாம் மாதம் தாடை உறுதிப்பட்டது. இன்று மரகதத்தின் எடை 1,310 கிராம். கோணலாகக் கூடிய பின்னங்கால் அப்படியேதான் இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் அது சற்றுச் சாய்ந்தே நடக்கும். எலும்பை மீண்டும் வலுவாக்கலாம். வளைந்ததை நேராக்க இயலாது என்று மருத்துவர் முதல் நாளே கூறியிருந்தார். பெண் இகுவானா ஆண் துணையின்றியும் முட்டையிடக் கூடும் என்பதால், அப்பருவத்தில் கால்சியத் தேவை திடீரென உயரும் என்றும் எச்சரித்துள்ளார்.

உடனே மருத்துவரை நாட வேண்டிய அறிகுறிகள்

• கீழ்த் தாடை மென்மையாதல், வீங்குதல், வாய் முழுமையாக மூடாமை.
• மெலிந்த உடலுடன் கால்கள் மட்டும் தடித்துத் தோன்றுதல்.
• விரல்களிலோ கால்களிலோ துடிப்பு. உடலைத் தரையிலிருந்து உயர்த்தி நடக்க இயலாமை.
• வழக்கமான இடைவெளியைக் கடந்தும் எச்சமிடாமை, வயிறு உப்புதல், முக்குதல்.
• முதுகு அல்லது வாலில் புதிதாகத் தோன்றும் வளைவு.
• தொடர்ந்து குறையும் எடை.

தும்மலும் அதன்பின் மூக்கின் ஓரத்தில் படியும் வெண்பொடியும் இப்பட்டியலில் சேரா. உடலில் மிகுந்த உப்பை இகுவானா அவ்வாறுதான் வெளியேற்றுகிறது. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

வாங்கும் முன் எண்ணிப் பார்க்க

கையளவு குட்டியாக வரும் இகுவானா வாலுடன் சேர்த்து ஐந்தடி வரை வளரும். நல்ல பராமரிப்பில் 15 முதல் 20 ஆண்டுகள் வாழக்கூடியது. அது ஒரு வீட்டுக் கடனின் தவணைக்காலம். கடன் பெறுமுன் மாதத் தவணையைக் கணக்கிடும் நாம், பிராணி வாங்குமுன்னும் அவ்வாறே கணக்கிடுவது நலம். அறை அளவிலான கூண்டு, இரு வகை விளக்குகள், மின்கட்டணம், ஆண்டுக்கு ஒன்றிரண்டு குழல்விளக்குகள், கால்சியத் தூள், ஆண்டுப் பரிசோதனை ஆகியவை தொடர் செலவுகள். மரகதம் எங்களுக்கு விலையின்றிக் கிடைத்தது; முதல் மூன்று மாதச் செலவோ ஒரு நல்ல கைப்பேசியின் விலையை எட்டியது. அவசர மருத்துவத்திற்கெனச் சிறிய தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கியுள்ளோம். உங்கள் நகரில் ஊர்வனவற்றுக்குச் சிகிச்சையளிக்கும் மருத்துவர் இருக்கிறாரா என்பதையும் வாங்குமுன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். பச்சை இகுவானா, வன உயிரின வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் திருத்தப்பட்ட பின், இத்தகைய அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் அரசிடம் தெரிவித்துப் பதிவு செய்வது கட்டாயமாகிவிட்டது. இதற்கான விதிகள் 2024 இல் வெளியிடப்பட்டன. ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையவாயில் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். ஆவணமின்றி விற்பவரிடம் வாங்காதீர்கள். நம் நாட்டு உடும்பை வீட்டில் வளர்ப்பது தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் நினைவில் கொள்க.

வளர்க்க இயலாத நிலை வந்தால் ஏரிக்கரையிலோ தோட்டத்திலோ விட்டுவிடுவது தீர்வாகாது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் அவ்வாறு பெருகிய இகுவானாக்கள் இன்று பெருந்தொல்லையாகிவிட்டன. குளிர் மிகும் இரவுகளில் அவை விறைத்து மரங்களிலிருந்து விழுகின்றன. வீட்டில் குழந்தைகள் இருப்பின் இன்னொரு முன்னெச்சரிக்கையும் தேவை. ஊர்வனவற்றின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கக் கூடும். தொட்ட பின் சோப்பு இட்டுக் கை கழுவ வேண்டும். அதன் பாத்திரங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் வளர்க்காமல் இருப்பதே நல்லது.

ஏற்கெனவே இகுவானா வளர்த்து வரும் வாசகர்கள் இந்த வாரமே நான்கு செயல்களைச் செய்யலாம். சமையலறைத் தராசில் அதன் எடையைப் பார்த்து, தேதியுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். விளக்கு பொருத்திய தேதியைச் சரிபாருங்கள். கூண்டின் இரு முனைகளிலும் வெப்பத்தை அளந்து பாருங்கள். கடந்த ஏழு நாட்களில் அதற்கு என்னென்ன இலைகள் கொடுத்தீர்கள் என்று பட்டியலிடுங்கள். எடையை மாதந்தோறும் எழுதி வந்தால், மருத்துவரிடம் செல்லும் நாளில் அக்குறிப்பேடு உங்கள் பிராணியின் கணக்குப் புத்தகமாக அமையும். இரண்டு மாதங்கள் தொடர்ந்து இருப்பு குறைந்தால், மூன்றாம் மாதத்திற்காகக் காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.